ஜூ ஸ்டேஷன் பிள்ளைகள்

மேற்கு பெர்லினில் 1970-களில் 13 வயதிலேயே ஹெராயினில் விழுந்த ஒரு பள்ளிச் சிறுமியின் கதையை ஜெர்மானியர்கள் படமாக எடுத்தார்கள். 1981-ல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் ‘கிறிஸ்டியானே எஃப்.’ அதற்கு மூலமான புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நாங்கள் ஜூ ஸ்டேஷன் பிள்ளைகள்’ என்று வரும். டிஸ்கோ கிளப், அங்கே அரும்பும் காதல், அந்தக் காதலோடு கூடவே வரும் போதை ஊசி. படத்தின் கதை இவ்வளவுதான். ‘இந்த வயதில் உமக்கு ஏனய்யா இந்தச் சங்காத்தம்?’ என்று வழக்கமாக என் பதிவுகளைப் படிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும்.

காரணம் இரண்டு. முதலாவது, அந்த ஸ்டேஷன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு ஸ்டேஷன் என்ற சொல் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. 2021-ல் இதே கதையை எட்டுப் பகுதித் தொடராகவும் எடுத்தார்கள். அதைப் பார்த்த என் பேத்திதான், “தாத்தா, இது ஸ்டேஷன் கதை, நீ பார்க்கணும்” என்று பழைய படத்தையும் சேர்த்துத் தேடிக் கொடுத்தாள். பிறகு புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன்.

இரண்டாவது காரணம், படத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது என்னை உறுத்திய ஒரு விஷயம். படம் புத்தகத்தின் பின்பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பாதியில்தான் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கான சேதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இரண்டு மணி நேரம், இரண்டு மாதம்

முதலில் புத்தகம் பிறந்த விதம். 1978-ல் பெர்லினில் ஒரு வழக்கு நடந்தது. வயதுக்கு வராத பெண் பிள்ளைகளுக்கு ஹெராயினைக் கொடுத்து அவர்களைத் தவறாகப் பயன்படுத்திய ஒருவன்மீது வழக்கு. அதில் சாட்சி சொல்ல வந்தவள் கிறிஸ்டியானே. 1962-ல் பிறந்தவள், அப்போது அவளுக்குப் பதினாறு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. ‘ஸ்டெர்ன்’ என்ற பிரபல வாரப் பத்திரிகைக்காக எழுதிய கை ஹெர்மான், ஹோர்ஸ்ட் ரீக் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அவளைச் சந்தித்தார்கள். இளம் வயதினரின் போதைப் பழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது அவர்கள் உத்தேசம். இரண்டு மணி நேரம் பேட்டி என்று பேச்சு.

அந்த இரண்டு மணி நேரம் இரண்டு மாதமாக நீண்டது. அவள் பேசப் பேச இவர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டே போனார்கள். முதலில் பத்திரிகையில் தொடராக வந்தது, பிறகு புத்தகமானது. 1979-லிருந்து 1981 வரை ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. உலக மொழிகள் பலவற்றுக்குப் போனது. பள்ளிக்கூடங்களில் பாடமாகவும் படிக்கப்பட்டது.

அந்தப் புத்தகத்தில் கிறிஸ்டியானேவின் குரல் மட்டும் இல்லை. இடையிடையே அவள் தாயும் தன் வாயால் பேசுகிறாள். காவல்துறை அதிகாரி பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார். ஒரு பிள்ளை எப்படிக் கைநழுவிப் போனது என்பதை ஊரே கூடி உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. படத்தில் இந்தக் குரல்கள் இல்லை. அந்தப் பெண்ணின் கண் உயரத்தில்தான் கேமரா போகிறது. அது இயக்குநரின் முடிவு, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் பெரியவர்கள் எல்லோரும் படத்தைவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

லிஃப்ட் பொத்தானும் மரக்கரண்டியும்

கிறிஸ்டியானே பிறந்தது ஹாம்பர்க்கில். வட ஜெர்மனியின் கிராமப்புறத்தில் ஓடியாடி வளர்ந்த குழந்தை. ஆறு வயதில் பெற்றோரோடு மேற்கு பெர்லினுக்குக் குடிவந்தாள். வந்து சேர்ந்த இடம் க்ரோப்பியுஸ்ஷ்டாட் என்ற மாபெரும் அடுக்குமாடிக் குடியிருப்பு.

இந்தக் குடியிருப்புக்கு ஒரு கதை உண்டு. இதைத் திட்டமிட்டவர் வால்டர் க்ரோப்பியுஸ். பௌஹௌஸ் என்ற உலகப் புகழ்பெற்ற கலை, கட்டடக்கலைப் பள்ளியை 1919-ல் தொடங்கியவர். காற்று, வெளிச்சம், மரங்கள், நடுவே உயரம் குறைந்த வீடுகள் என்பது அவர் கனவு. ஆனால் 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனி பெர்லின் சுவரை எழுப்பியது. மேற்கு பெர்லின் நாலா பக்கமும் அடைபட்ட தீவாகிவிட்டது. இனி நகரம் பக்கவாட்டில் வளர இடம் கிடையாது, மேலேதான் வளர வேண்டும். 1962-ல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போதைய நகர மேயர் வில்லி பிராண்ட், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பிரதமரானாரே, அவரும் விழாவில் இருந்தார். கட்டி முடிக்கும்போது திட்டம் உருமாறிப் போயிருந்தது. வீடுகளின் எண்ணிக்கை கூடியது. சில கட்டடங்கள் 30 மாடி வரை உயர்ந்தன. க்ரோப்பியுஸ் 1969-ல் காலமானார். வேலை முழுவதும் முடிந்தது 1975-ல்.

கிறிஸ்டியானேவின் வீடு பதினோராவது மாடியில். அவள் சொல்வதில் ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். லிஃப்டில் மேல் மாடிகளுக்கான பொத்தான்கள் பெரியவர்களின் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. ஆகவே விளையாடப் போகும் பிள்ளைகள் பொத்தானை அமுக்குவதற்குச் சமையலறையிலிருந்து மரக்கரண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்களாம். கரண்டி இல்லாத பிள்ளைக்கு அவசரம் வந்துவிட்டால்? அதனால்தான் அந்தப் படிக்கட்டுகளும் லிஃப்டும் எப்போதும் மூத்திர நாற்றம் அடித்தன. நாற்றத்தைப் பார்த்த பெரியவர்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். பொத்தானைக் கீழே இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் அறிவிப்புப் பலகைகள். புல்லில் நடக்கக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. சக்கரக்கால் ஓட்டக் கூடாது. கிராமத்தில் எதைச் செய்து பொழுதைப் போக்கினாளோ அத்தனையும் இங்கே கூடாதவை. வீட்டுக்குள் அப்பாவின் அடி. எதிர்பார்த்த தொழில் அமையாத ஆத்திரத்தை மனிதர் பிள்ளைகள்மேல் தீர்த்துக்கொண்டார். அம்மா வேலைக்குப் போய் வந்து களைத்துப் படுப்பவள். பிறகு பெற்றோர் பிரிந்தார்கள்.

பன்னிரண்டு வயதில் அவளுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. குடியிருப்பின் நடுவே தேவாலயம் நடத்திய இளைஞர் மையம். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு ஏற்படுத்திய இடம்தான். ஆனால் அங்கே வந்த மூத்த பிள்ளைகள் ஹாஷிஷ் புகைத்தார்கள். பள்ளியில் முரடர்களாக நடந்தவர்களுக்கு நடுவில், இவர்கள் மட்டும் தன்னிடம் மென்மையாகப் பேசினார்கள் என்கிறாள். முதன்முதலில் அவளுக்குப் பிடித்தது அந்த மென்மைதான். புகை அதற்குப் பிறகு வந்தது.

இந்த முன்பாதி முழுவதும் படத்தில் ஆரம்பத்தில் வரும் ஒரு சின்னப் பின்னணிப் பேச்சாகச் சுருங்கிவிட்டது. குடியிருப்பின் நாற்றத்தைப் பற்றி அவள் குரல் நாலு வார்த்தை சொல்கிறது. அவ்வளவுதான். மரக்கரண்டி இல்லை. அப்பாவின் அடி இல்லை. நேரே டிஸ்கோவுக்குப் போய்விடுகிறோம்.

மூடாத நகரம்

டிஸ்கோவின் பெயர் ‘சவுண்ட்’. ஐரோப்பாவிலேயே நவீனமான டிஸ்கோ என்று விளம்பரம் செய்துகொண்ட இடம். உள்ளேயே ஒரு சின்ன சினிமா அரங்கு. 16 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பது விதி. 13 வயதுப் பெண் போய்வந்துகொண்டிருந்தாள் என்பது நடப்பு.

மேற்கு பெர்லினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1949-லிருந்தே அந்நகரில் மதுக்கூடங்களுக்கு மூடும் நேரம் என்று ஒன்று கிடையாது. இரவு முழுவதும் திறந்திருக்கலாம். அங்கே குடியிருந்த இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்தும் விலக்கு. அதற்காகவே மேற்கு ஜெர்மனியின் பிற பகுதிகளிலிருந்து வந்து தங்கியவர்கள் உண்டு. சுற்றிலும் சுவர், உள்ளே விடிய விடியப் பாட்டு.

இந்த இடத்தில் ஹெராயினின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். இது எங்கோ கீழ்த்திசையிலிருந்து வந்த விஷம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அபின் வேண்டுமானால் அப்படி வந்தது. ஹெராயின் என்ற பெயரை வைத்தது ஜெர்மனியின் பாயர் நிறுவனம். 1874-ல் லண்டனில் ஒரு வேதியியலாளர் முதலில் தயாரித்த அந்தப் பொருளை, 1897-ல் பாயரின் ஃபெலிக்ஸ் ஹோஃப்மான் மறுபடி தயாரித்தார். அதே மாதத்தில் அதே மனிதர் தயாரித்த இன்னொரு மருந்து நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஆஸ்பிரின். 1898-லிருந்து ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்றார்கள். அடிமைப்படுத்தும் என்று தெரிந்து விலக்கிவைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அது 1970-களில் கறுப்புச் சந்தைச் சரக்காக பெர்லினுக்கே திரும்பி வந்தது.

சரக்கு வந்த வழிகளில் ஒன்று அரசியலால் உண்டான ஓட்டை. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குகிறவர் நகர ரயிலேறி ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ஸ்டேஷன் வழியாக மேற்குப் பக்கம் வந்துவிடலாம். அது நாட்டின் எல்லை என்று மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அந்தப் பக்கம் முறையான எல்லைச் சோதனை வைக்கவில்லை. 1980-களின் முதல் பாதியில் இலங்கைத் தமிழர்கள் பலர் அகதிகளாக பெர்லினுக்குள் வந்ததும் இந்தப் பாதையில்தான். 1985-ல் கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு வழிவிடுவதை நிறுத்தியது. ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸவிலிருந்து மேற்கே நாலைந்து நிறுத்தம் தாண்டினால் ஜூ ஸ்டேஷன். உயிர் பிழைக்க வந்தவர்களும் உயிரைக் குடிக்கும் சரக்கும் ஒரே தண்டவாளத்தில் வந்திருக்கிறார்கள்.

யாருடைய ஸ்டேஷன்?

ஜூ ஸ்டேஷன் என்பது பெர்லின் உயிரியல் பூங்காவுக்கு எதிரில் இருப்பது. மேற்கு பெர்லினின் முக்கியமான தொலைதூர ரயில் நிலையம் அதுதான். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு வியப்பாக இருந்த செய்தி இது: மேற்கு பெர்லினின் நடுவில் இருந்த அந்த ஸ்டேஷனை நடத்தியது கிழக்கு ஜெர்மனியின் ரயில்வே! இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பெர்லின் முழுவதும் ரயில் இயக்கம் கிழக்கின் ‘ரைஷ்ஸ்பான்’ கையில். சுவர் எழுந்த பிறகும் அது மாறவில்லை. சுவர் எழுப்பியவனுக்கு டிக்கெட் காசு கொடுப்பதா என்று மேற்கு பெர்லின்வாசிகள் நகர ரயிலைப் புறக்கணித்தார்கள். வருமானம் இல்லாத இடத்தில் கிழக்கு பணம் போடவில்லை. ஸ்டேஷன் அழுக்கடைந்து, விளக்கு மங்கி, கிடந்தபடி கிடந்தது.

ஒரு ஸ்டேஷன் கவனிப்பாரற்றுப் போனால் அங்கே யார் வந்து சேர்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ‘சவுண்ட்’ டிஸ்கோவுக்குப் போய்வந்த பிள்ளைகள் பணத்துக்காக இந்த ஸ்டேஷனின் பின்பக்கம் நின்றார்கள். ஆண் பிள்ளைகளும் நின்றார்கள். பக்கத்துத் தெருக்களில் பெண் பிள்ளைகள் நின்றார்கள். கார்களில் வந்து அழைத்துப் போனவர்கள் வசதியான, மரியாதையான பெரிய மனிதர்கள். இதற்குமேல் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஜங்ஷனிலும் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள் இறங்குவதுண்டு. போலீஸ்காரர் பிடித்துவந்து அறையில் உட்காரவைத்து, “எந்த ஊர்? அப்பா பேர் என்ன? ஏன் ஓடிவந்தே?” என்று வரிசையாகக் கேட்பார். பிள்ளை வாயே திறக்காது. எங்களிடம் வயதான போர்ட்டர் ஒருவர் இருந்தார். அவர் எதுவும் கேட்க மாட்டார். “சாப்பிட்டியா தம்பி?” என்பார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். அரை மணி நேரத்தில் பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கும். ஊர், அப்பா பெயர், எதற்காக அடி வாங்கினான் என்பது வரை வரும். ஹெர்மானும் ரீக்கும் இரண்டு மாதம் உட்கார்ந்த கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் போர்ட்டர் நினைவுதான் வந்தது.

காதல் என்ற கதவு

படத்துக்கு வருகிறேன். இயக்குநர் உலி எடெல். அவருடைய முதல் திரைப்படம் இது. வேறொருவர் இயக்க இருந்து, படப்பிடிப்புக்குச் சற்று முன்னர் விலக்கப்பட்டு, இவர் கைக்கு வந்தது. தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐஷிங்கர், பின்னாளில் ஹிட்லரின் கடைசி நாட்களைப் பற்றிய ‘வீழ்ச்சி’ படத்தை 2004-ல் தயாரித்தவர். கிறிஸ்டியானேவாக நடித்த நாட்யா ப்ருன்க்ஹோர்ஸ்ட் 1966-ல் பிறந்தவர். பள்ளிச் சிறுமிதான், கதாபாத்திரத்தின் வயதேதான் அவர் வயதும். புகழ்பெற்ற முகம் எதுவும் நடிகர்களில் இல்லை. அதனால் நடிப்பைப் பார்ப்பதுபோலவே தோன்றாது.

கதை இது. டிஸ்கோவில் டெட்லெஃப் என்ற பையனைச் சந்திக்கிறாள். அவளைவிடச் சற்று மூத்தவன், சாந்தமானவன். ஓர் இரவு நண்பர்கள் எல்லோரும் ஆளில்லாத ஒரு வணிக வளாகத்துக்குள் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். விடியும் நேரத்தில் கூரைமேல் ஏறி உட்கார்ந்து நகரத்தைப் பார்க்கிறார்கள். படத்திலேயே அழகான கட்டம் அதுதான். தனிமையில் கிடந்த பெண்ணுக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது.

டெட்லெஃப் அவளுக்கு முன்பே ஹெராயினுக்குப் போய்விட்டான். 1976 ஏப்ரலில் பெர்லினில் டேவிட் போவியின் கச்சேரி. ஆங்கிலேயப் பாடகர், அவள் பூஜித்த நட்சத்திரம். அன்று இரவு அவளும் முதன்முறையாக ஹெராயினை முகர்ந்தாள். 14 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவனை எட்டி நின்று பார்க்க முடியவில்லை, அவன் இருக்கும் இடத்துக்கே போய்விட வேண்டும். அதுதான் அவள் சொல்லும் காரணம். அந்த வயதில் காதல் என்பது இன்னொருவர் போகும் வழியில் கூடவே போவது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே போவி அந்த ஆண்டே பெர்லினுக்குக் குடிவந்தார். கொக்கெய்ன் பழக்கத்திலிருந்து விடுபட வேண்டும் என்பது அவர் வந்த காரணங்களில் ஒன்று. 1978 வரை ஷோனெபெர்க் பகுதியில் இருந்தார். அங்கேயிருந்து அவர் உருவாக்கிய இசைதான் பின்பு இந்தப் படத்தில் ஒலிக்கிறது. படத்தில் அவரே மேடையில் தோன்றுகிறார். ஆனால் 1980-ல் அவர் நியூயார்க்கில் நாடகம் நடித்துக்கொண்டிருந்ததால், பாடும் காட்சியை அங்கே ஒரு கிளப்பில் எடுத்தார்கள். பார்வையாளர் கூட்டத்தை பெர்லினில் வேறொரு குழுவின் கச்சேரியில் எடுத்து ஒட்டினார்கள். போவிக்கு ஓடிவந்து ஒளிந்துகொள்ள ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓட வேறு நகரம் இல்லை.

படத்தின் உச்சமான இடம் என்று நான் நினைப்பது, அவர்கள் இருவரும் பழக்கத்தை விட முயலும் கட்டம். விஷயம் தெரிந்த அம்மா வீட்டிலேயே இடம் கொடுக்கிறாள். அறைக்குள் பல நாள் நடுக்கம், வாந்தி, வலி. பார்க்கவே முடியவில்லை. ஆனால் பிழைத்துவிடுகிறார்கள்! உடம்பு தெளிந்துவிட்டது. குளித்து, உடுத்தி, இனி தொட மாட்டோம் என்று உறுதி சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

வெளியே வந்து எங்கே போவார்கள்? ஜூ ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். சும்மா, நண்பர்களைப் பார்த்துவிட்டு வரலாமென்று. நட்பு, காதல், தெரிந்த முகம் எல்லாம் அங்கே இருக்கிறது. அதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் போய் உட்கார ஓர் இடம் கிடையாது. மறுபடி விழுகிறார்கள்.

இந்தக் காட்சியைப் படம் மட்டும் பார்த்தவர்கள், ‘போதையின் பிடி அப்படி’ என்று சொல்லிப் போவார்கள். அது உண்மைதான். ஆனால் புத்தகத்தின் முன்பாதியைப் படித்தவருக்கு அந்த அறிவிப்புப் பலகைகள் நினைவுக்கு வரும். ஆறு வயதிலிருந்து அவளுக்கு ‘இங்கே நிற்காதே’ என்று சொல்லிக்கொண்டே இருந்த ஊர் அது. நிற்கலாம் என்று விட்ட இடங்கள் ‘சவுண்ட்’டும் ஜூ ஸ்டேஷனும்தான்.

தாய் சொன்னது

புத்தகத்தில் தாய் பேசும் பகுதிகளை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். அவள் கெட்ட தாய் அல்ல. உழைக்கிறவள். தான் சின்ன வயதில் அனுபவித்த கண்டிப்பு தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சுதந்திரம் கொடுத்தவள். தோழி வீட்டில் தங்குகிறேன் என்று மகள் சொன்னால் நம்பினாள். வீட்டிலேயே இருந்தும் மகளின் ரகசியம் அவள் கண்ணில் பட வெகுகாலம் ஆனது. தெரிந்த பிறகு உதவி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஹெராயினுக்கு அடிமையான பதினான்கு வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதற்கு அந்தப் பணக்கார நகரத்தில் யாரிடமும் தயாரான பதில் இல்லை.

1977 ஜூலையில் கிறிஸ்டியானேவின் தோழி பாப்சி இறந்துபோனாள். 14 வயது. ஜெர்மனியில் ஹெராயினுக்குப் பலியானவர்களிலேயே மிக இளையவள் என்று பத்திரிகைகள் எழுதின. படத்தில் கிறிஸ்டியானே அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வாள். அந்த ஆண்டின் கடைசியில் தாய் மகளை பெர்லினிலிருந்தே அப்புறப்படுத்தி, ஹாம்பர்க் அருகே கிராமத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே அவள் உடம்பு தேறியது. நம் வீடுகளில் சொல்வோமே, ‘கொஞ்ச நாள் ஆச்சி வீட்டில் இருக்கட்டும்’ என்று, அதே வைத்தியம்தான்.

படம் வந்த பிறகு

படம் மேற்கு ஜெர்மனியில் பெரும் வெற்றி. பள்ளி மாணவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கச் சொன்னார்கள். ஆனால் பயமுறுத்துவதற்காகக் காட்டிய படத்தைப் பார்த்துப் பல பெண் பிள்ளைகள் கிறிஸ்டியானே மாதிரியே உடுத்தத் தொடங்கினார்கள். ஜூ ஸ்டேஷனைப் பார்ப்பதற்கென்றே சுற்றுலா வந்தார்கள். இதற்குப் படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கழிப்பறைத் தரையையும் வெளிறிய முகங்களையும் ஒளிக்காமல்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் முன்பாதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது அழகான பெண், அழகான பையன், நல்ல பாட்டு, துயரமான காதல். பதினைந்து வயதுக்கு அதுவே போதும், மனம் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

படம் வந்த அதே 1981-ல் மேற்கு ஜெர்மனி தன் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. சிறிய குற்றங்களில் தண்டனை பெற்ற அடிமைகள், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்குப் போக வழி ஏற்பட்டது. 1982 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. படத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாப்சியின் பெயரை அப்போது நாட்டில் அறியாதவர் குறைவு.

கிறிஸ்டியானே அதற்குப் பின் சுகமாக வாழ்ந்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. புத்தகத்தால் புகழும் பணமும் வந்தன. போதையும் விட்டு விட்டுத் திரும்பி வந்தது. 2013-ல் தன் இரண்டாவது வாழ்க்கையைப் பற்றி இன்னொரு புத்தகம் வெளியிட்டார். இரண்டு மாதம் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர் சொன்னதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள், அது பெரிய காரியம். ஆனால் கேட்பது ஆறு வயதில் தொடங்கியிருக்க வேண்டும். பதினாறு வயதில் பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டது வெகு தாமதம்.

ஜூ ஸ்டேஷன் இப்போது மாறிவிட்டது. 2006 மே மாதம் பெர்லினில் புதிய மத்திய ரயில் நிலையம் திறந்த பிறகு நெடுந்தூர விரைவு வண்டிகள் அங்கே நிற்பதை நிறுத்தின. ஸ்டேஷனை ஒட்டி வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் தேவாலயச் சேவை மையம் மட்டும் இன்றும் நடக்கிறது.

படம் பார்க்க விரும்புகிறவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அல்ல. ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது, அதை வாங்கி முதல் நூறு பக்கமாவது படியுங்கள். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இப்போது சங்கம் வைத்துப் பலகை மாட்டுகிறார்கள். பார்க்கிங்கில் கிரிக்கெட் கூடாது, மாலையில் சத்தம் கூடாது, மொட்டை மாடிக்குப் பூட்டு. எங்கள் குடியிருப்பின் அடுத்த கூட்டத்தில், மொட்டை மாடிச் சாவியைச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லப் போகிறேன். யாராவது ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு வேலை ஒன்றும் இல்லை.